ஒற்றைத் தட்டச்சு

இரவு ஒன்பதரைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில்
ஏசி குளிரில் மாசசூசெட்ஸ் திறக்கிறது.
பெயருக்கு நாற்பத்தெட்டு பைசா.
வயது, ஊர், தொழில், இறந்த காரணம்,
நான்கு கட்டம் நிரம்பினால்
ஒரு அமெரிக்கர் முடிந்தார்.
அறுநூறு பேரை முடித்தால் ஊக்கத்தொகை.

பிரபலங்கள் எங்களிடம் வருவதில்லை.
அவர்கள் இரண்டாம் மாடி.
செனட்டர், தளபதி, ரயில் முதலாளி, மேடை நடிகை
ஒவ்வொருவரையும் இருவர் தனித்தனியே அடிக்க
மூன்றாமவர் ஒப்பிட்டுப் பார்க்க
புள்ளி பிசகாமல் வரலாற்றில் ஏறுவார்கள்.
எங்கள் மாடிக்கு ஒற்றைத் தட்டச்சு.
நான் எதை அடிக்கிறேனோ அதுவே அவர்கள்.

மெஹிட்டபெல் க்ரோ, முப்பத்தொன்று, சலவைக்காரி.
காரணம்: பிரசவம்.
அடுத்த வரியில் பெயரில்லாத ஒரு ஆண்.
வயது, நான்கு மணி நேரம்.
ஆண்டை மட்டுமே ஏற்கும் மென்பொருள்.
பூஜ்யம் போட்டேன்.
சைலஸ் பீட், முடிதிருத்துபவர், முன்பு அடிமை.
அந்த 'முன்பு'க்குக் கட்டம் இல்லை.

"புரியலைன்னா கேள்விக்குறி போடு,
கதை படிக்காத" என்பார் டீம் லீடர் கோதண்டம்.
பக்கத்து சீட் பெனடிக்டா காசிமேட்டுக்காரி.
நீரில் மூழ்கியவர் வந்தால் மட்டும்
விசையிலிருந்து கையை எடுத்து
ஒரு மூச்சு விட்டுத்தான் அடிப்பாள்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

நேற்று இரண்டே முக்காலுக்கு அவன் வந்தான்.
1847 பிப்ரவரி.
எலைஜா, வயது இருபத்திரண்டு.
தொழில்: ஏரியில் பனி அறுப்பது.
காரணம்: பனி உடைந்தது.
விளிம்பில் எழுத்தர் பொடியாக எழுதியிருந்தார்,
குதிரை பிழைத்தது என்று.

நான் தங்கியிருப்பது திருவல்லிக்கேணி மேன்ஷன்.
இறங்கும் ஸ்டாப் ஐஸ் ஹவுஸ்.
அந்த ஊர்ப் பனிதான் கப்பலில் வந்து
இந்தக் கடற்கரையில் அடுக்கிக் கிடந்ததாம்,
துரைமார் கோப்பைக்கு.
இவன் அறுத்த கட்டியும் வந்திருக்குமா?
சாட்சி இல்லை.
கரைந்ததற்கு ஏது சாட்சி.

குடும்பப் பெயர் மட்டும் சிக்கியது.
ஹாப்குட்டா, ஹோப்குட்டா?
மை பரவிய ஒரே ஒரு எழுத்து.
கேள்விக்குறிக்கு விரல் போய்விட்டது,
திரும்பியது.

அப்பா தணிகைவேல்.
சான்றிதழில் தனிகைவேல்.
மூன்று சுழி இரண்டானது, அவ்வளவுதான்.
அந்த ஒரு சுழிக்கு ரிப்பன் மாளிகை ஏழு தடவை,
நோட்டரி, பத்திரம், ஜெராக்ஸ்,
"மேடம் லீவு, திங்கட்கிழமை வாங்க."
சுழி குறைந்த அப்பா
வங்கிக் கணக்கில் இன்னும் சாகவில்லை.

நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
அதே பக்கத்தில் அந்த எழுத்தர்
வேறெங்கே எப்படி வளைத்திருக்கிறார் என்று
வரி வரியாக மேலே போனேன்.
கூப்பர் ஒருவன், அவனிடம் வட்டம் மூடியிருந்தது.
சலவைக்காரி க்ரோவிடமும் மூடியிருந்தது.
இவனிடம் திறந்து, வால் கீழே இழுத்திருந்தது.
ஹாப்குட்.
பதினோரு நிமிடம்.
குதிரையை எங்கும் சேர்க்க முடியவில்லை.

ஐந்நூற்று எழுபத்தொன்பது.
"என்னாச்சு இன்னிக்கு?"
"நெட் ஸ்லோ சார்."

விடிந்து ஐஸ் ஹவுஸில் இறங்கினேன்.
போலீஸ் ஸ்டேஷன் எதிரே
மரத்தூள் ஒட்டிய சாக்கு மூடி
ஜூஸ் கடைக்குப் போகும் ஐஸ் வண்டி
பள்ளத்தில் மாட்டி, தார்ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.
"சும்மா நிக்கிறியே, ஒரு கை குடேன்பா."
சாக்கோடு அணைத்துத் தள்ளினேன்.
ராத்திரி முழுக்க அடித்த விரல்கள்
ஒவ்வொன்றாய் மரத்துப்போயின.
சக்கரம் ஏறியது.

"பேர் என்ன?" என்றார்.
சொன்னேன்.
அவர் காதில் வேறென்னவோ விழுந்தது,
அந்தப் பெயரைச் சொல்லி
"வரேன்பா" என்று மிதித்துப் போனார்.
ஈரக் கோடு நீண்டது.
திருத்தவில்லை நான்.